இரண்டு கண்ணி தூரம்

லோர்னா: ...ஆரின், வாசல்ல ப்ராம் வந்து நிக்கிறான். கையில பந்து வேற வெச்சிருக்கான்.

ஆரின்: நான் இல்லைன்னு சொல்லிடு.

லோர்னா: உன் ட்ரக் வெளியில நிக்குது. உன் பூட்ஸ் கதவுகிட்ட கிடக்கு. நீ பேசறது அவனுக்குக் கேக்குது.

ப்ராம்: நல்லாவே கேக்குது சார்.

ஆரின்: கதவு திறந்தா இருக்கு?

லோர்னா: இந்தப் பட்டறைக் கதவு என்னிக்கு மூடியிருக்கு? உள்ளே வா ப்ராம். தலையைக் குனிஞ்சு வா, இடிச்சுக்கப் போறே. பக்கவாட்டுலயும் பார்த்துக்கோ. நீ ஒருத்தன் உள்ளே வந்தா புல் வெட்டற மெஷின் ரெண்டு வெளியே போகணும் போலிருக்கு.

ப்ராம்: என்ன பண்றது மேடம், டீம்ல நான் சென்டர், சென்டர்னா இந்த சைஸ்லதான் இருக்கணும். பந்தைக் குனிஞ்சு எடுத்துப் பின்னாடி குடுக்கறதோட வேலை முடிஞ்சிடுமா? அடுத்த நொடியே எதிர்ல ஒரு மலை வந்து மேல விழும். அதைத் தாங்கணும்ல.

ஆரின்: ஞாயித்துக்கிழமை மத்தியானம் மலையெல்லாம் லீவுடா. நீ ஏன் இங்கே வந்து நிக்கிறே? நாலு வருஷத்துல முதல் தடவையா ஜெயிச்சவன் படுத்துத் தூங்க வேண்டியதுதானே?

ப்ராம்: தூக்கம் வரலை சார்.

லோர்னா: இங்கேயும் ஒருத்தருக்கு வரலை. ராத்திரி முழுக்க...

ஆரின்: லோர்னா.

லோர்னா: ...முட்டி வலின்னு புரண்டுக்கிட்டே இருந்தார். அதைத்தான் சொல்ல வந்தேன். வேற எதைச் சொல்லப் போறேன்?

ப்ராம்: முட்டியா? ரொம்ப வலிக்குதா சார்? நேத்து மேட்ச்ல எங்க டீம் கேலப் வந்து உங்க மேல மோதினானே, அதுலயா?

ஆரின்: அதெல்லாம் இல்லை. இது பழைய முட்டி. குளிர் வந்தா தானா பேச ஆரம்பிச்சிடும். நீ வந்த விஷயத்தைச் சொல்லு.

ப்ராம்: இன்னிக்கு சாயந்திரம் ஆறு மணி, காலேஜ் சாப்பாட்டுக் கூடம். சீசன் முடிஞ்ச விருந்து. சில்லிக் கறி, சின்னமன் ரோல், எப்பவும் போல. நீங்க ரெண்டு பேரும் வரணும். வந்து... இந்தப் பந்தை வாங்கிக்கணும்.

ஆரின்: எனக்கெதுக்குடா பந்து?

ப்ராம்: கடைசி வருஷப் பசங்க பந்து சார் இது. தெரியாத மாதிரி கேக்கறீங்க.

லோர்னா: அவருக்குத் தெரியும். எனக்குச் சொல்லு. இந்த அமெரிக்கன் ஃபுட்பாலோட முட்டை மாதிரி பந்தைப் பார்த்தாலே எனக்குக் கொட்டாவி வரும். இருபத்தாறு வருஷமா சனிக்கிழமை சனிக்கிழமை என் புருஷனைத் தூக்கிக்கிட்டுப் போற பந்து.

ப்ராம்: வருஷா வருஷம் நம்ம மைதானத்துல நடக்கற கடைசி மேட்ச் பந்தை, படிப்பு முடிச்சுப் போற பசங்க ஊர்ல ஒருத்தருக்குக் குடுப்பாங்க மேடம். அவர் ஆட்டக்காரரா இருக்கக் கூடாது. காலேஜ்ல சம்பளம் வாங்கறவரா இருக்கக் கூடாது. எங்களுக்காக ஏதோ செஞ்சவரா இருக்கணும். போன வருஷம் பஸ் ஓட்டற நீல்ஸுக்குக் குடுத்தாங்க. பனிப்புயல்ல எங்களைப் பத்திரமா கூட்டிட்டு வந்தார்னு.

ஆரின்: நீல்ஸ் உசுரைக் காப்பாத்தினான். நான் என்ன பண்ணினேன்? மைதான ஓரத்துல தூரம் அளக்கற சங்கிலியில ஒரு கிளிப் மாட்டற ஆளு நான். அதுவும் ரெண்டு பக்கத்துக்கும் பொதுவா. வேற ஆளைப் பாருங்க.

ப்ராம்: பார்க்க முடியாது. ஓட்டுப் போட்டாச்சு. ஒன்பது பேர். ஒன்பது ஓட்டும் உங்களுக்கு.

ஆரின்: எப்போ போட்டீங்க? நேத்து ஜெயிச்ச சந்தோஷத்துலயா?

ப்ராம்: வெள்ளிக்கிழமை. மேட்சுக்கு முதல் நாள்.

ஆரின்: ...ஓ.

ப்ராம்: ஜெயிச்சாலும் தோத்தாலும் உங்களுக்குத்தான்னு அப்பவே முடிவு. தோக்கறதுலதான் எங்களுக்குப் பழக்கம் ஜாஸ்தி. முப்பத்தொன்பது மேட்ச், முப்பத்தொன்பது தோல்வி. வேற யாருக்காவது இப்படி ஒரு கணக்கு இருக்கா?

லோர்னா: நாரைன்னு டீமுக்குப் பேர் வெச்சா ஒத்தைக் கால்லதான் நிக்க வேண்டியிருக்கும். புலி, சிங்கம்னு வெச்சிருக்கலாம்ல?

ப்ராம்: நூறு வருஷம் முன்னாடி வெச்ச பேரு மேடம். அப்போ ஊரைச் சுத்திச் சதுப்பு நிலம்தானாம்.

ஆரின்: பேர்ல என்ன இருக்கு. டேய் ப்ராம், நல்லாக் கேட்டுக்கோ. எனக்கு இந்தப் பந்து வேண்டாம். விருந்துக்கும் வரலை. என் வாழ்த்தைச் சொல்லிடு. காப்பி குடிச்சுட்டுக் கிளம்பு.

ப்ராம்: ஏன் சார்?

ஆரின்: வேண்டாம்னா வேண்டாம்.

ப்ராம்: ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். நான் முதல் வருஷம் வந்தப்போ ஹாலம் காலேஜோட ஒரு மேட்ச். ஐம்பத்தி ரெண்டுக்கு ஜீரோ. ஞாபகம் இருக்கா?

ஆரின்: மழை.

ப்ராம்: கொட்டற மழை. கடைசி ரெண்டு நிமிஷம். கேலரியில எங்க அம்மாவும் யாரோட நாயோ ஒண்ணும்தான் மிச்சம். அப்போ நாங்க எப்படியோ தட்டுத் தடுமாறிப் பந்தோட பத்துக் கஜம் முன்னாடி போயிட்டோம். அன்னிக்கு முழுக்க அப்படிப் போனதே அந்த ஒரு தடவைதான். பத்துக் கஜம் போனா சங்கிலியை முன்னாடி நகர்த்தணும். நீங்க நடந்து வந்திருக்கலாம். யாரு கேக்கப் போறா? ஆனா ஓடி வந்தீங்க. மடங்காத காலை இழுத்துக்கிட்டு, தண்ணி தெறிக்க ஓடி வந்தீங்க.

ஆரின்: அது என் வேலைடா. நடந்தா ஆட்டம் தாமதமாகும்.

ப்ராம்: எங்க டீம்ல பந்தை எறியற லூயிஸ் அப்போ என் காதுல சொன்னான் சார். 'டேய், அந்தக் கிழவர் இதை இன்னும் ஆட்டம்னு நினைக்கிறார்டா'ன்னு. அன்னிக்கு ராத்திரி ஆறு பேர் டீமை விட்டுப் போறதா இருந்தாங்க. நானும் அதுல ஒருத்தன். பெட்டி கட்டி வெச்சிருந்தேன்.

லோர்னா: அப்புறம்?

ப்ராம்: பெட்டியைப் பிரிச்சேன்.

லோர்னா: ஆரின், உன் காப்பி ஆறுது.

ஆரின்: ஆறட்டும்.

ப்ராம்: கிழவர்னு சொன்னது அவன் சார். நான் இல்லை.

ஆரின்: இருபத்தாறு வருஷமா நான் கை தட்டினதில்லை. தெரியுமா? சங்கிலி பிடிக்கறவன் கை தட்டக் கூடாது. யாரு பக்கமும் சாயக் கூடாது. நாங்க நிக்கறதும் எதிராளிங்க பக்கத்துல. அவங்க கோச்சுக்கு நாலடி தள்ளி. உங்களைப் பத்தி அவங்க என்ன பேசறாங்கன்னு இந்த ஊர்ல எனக்கு மட்டும்தான் கேக்கும்.

ப்ராம்: என்ன பேசுவாங்க?

ஆரின்: சொல்லக் கூடாது.

ப்ராம்: சீசன் முடிஞ்சுது சார். நான் இனிமே ஆடப் போறதில்லை. வசந்த காலத்துல டிகிரி வாங்கிட்டு அப்பாவோட மக்காச்சோளக் காட்டுக்குப் போயிடுவேன். ஒரு தடவை சொல்லுங்க.

ஆரின்: செப்டம்பர்ல வந்தவங்க சிரிச்சாங்க. 'இவங்களுக்கு ஆள் எத்தனைப்பா, பேருந்து நிறையக் கூட வராது போலிருக்கே'ன்னாங்க. ஆகஸ்ட்ல ஐம்பத்தோரு பேர் இருந்தீங்க. அன்னிக்கு நாப்பது. ஒருத்தன் இடைவேளையில தோள் கவசத்தோடயே போய் காலேஜ் பேண்ட் வாத்தியக் குழுவுல ட்ராம்போன் ஊதினான் பாரு, அப்போ விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

ப்ராம்: எங்க டீம்ல பந்தை உதைக்கற பையன் அவன். பேண்ட்லயும் ஆள் குறைவு சார்.

ஆரின்: ஊதிட்டு வந்து நாப்பது கஜத்துல இருந்து உதைச்சான். ரெண்டு கோல் கம்பத்துக்கு நடுவுல போச்சு. சிரிப்பு நின்னுச்சு. அக்டோபர்ல காரோ காலேஜ் வந்தாங்க. நாப்பது புள்ளி முன்னாடி இருக்காங்க. அவங்க பையன் ஒருத்தன் கீழே விழுந்து எழுந்திருக்க முடியாமக் கிடந்தான். உங்காளு ஒருத்தன் போய்க் கை குடுத்துத் தூக்கிவிட்டான். அவங்க கோச் தன் பசங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்... 'அந்த அறுபத்தொண்ணாம் நம்பரைப் பாருங்கடா. அவன் தோக்கலை. ஸ்கோர் போர்டுதான் தோக்குது'ன்னு.

ப்ராம்: ...அறுபத்தொண்ணு நான்தான்.

ஆரின்: எனக்குத் தெரியாதா?

ப்ராம்: காலையில இதைச் சொல்லியிருந்தா...

ஆரின்: காலையில என்ன?

ப்ராம்: ஒண்ணுமில்லை. நல்ல காப்பி மேடம்.

லோர்னா: இன்னும் வாயிலேயே வைக்கலை நீ.

ஆரின்: லூயிஸ் விரல் எப்படி இருக்கு? சுண்டு விரல் உடைஞ்சதோட அஞ்சு மேட்ச் ஆடியிருக்கான். பந்தை எறியறவனுக்கு விரல் உடைஞ்சா பாடகனுக்குத் தொண்டை போன மாதிரி. அந்தப் பையன் மூணு விரல்ல எறியக் கத்துக்கிட்டான். ஞாயித்துக்கிழமையில அவங்க அப்பா கறி வெட்டற ஆலையில ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து பந்தைப் பொறுக்கிப் பொறுக்கிக் குடுப்பார். நான் ட்ரக்ல போறப்பப் பார்ப்பேன். முப்பத்தி நாலு பேர்தான் மிச்சம். காலையில லேப், மத்தியானம் பயிற்சி, அறுவடைன்னா வீட்டு வேலை. ஒரு பைசா உதவித்தொகை கிடையாது. எதுக்காகடா ஆடறீங்கன்னு ஒருத்தரும் கேக்கலை, நீங்களும் சொல்லலை. நான் இருபத்தாறு டீம் பார்த்திருக்கேன் ப்ராம். இதைப் போல ஒண்ணு பார்த்ததில்லை. அதனாலதான்...

லோர்னா: அதனாலதான் என்ன? முடி.

ஆரின்: அதனாலதான் வேண்டாம்ங்கறேன்.

ப்ராம்: புரியலை.

ஆரின்: ஞாயித்துக்கிழமை காலையில படம் போட்டுப் பார்ப்பீங்கள்ல? நேத்து மேட்ச் படம்... பார்த்தீங்களா?

ப்ராம்: எட்டு மணிக்குப் பார்த்தோம்.

ஆரின்: முழுசாவா?

ப்ராம்: ...இல்லை. கடைசிப் பகுதி சரியா விழலை. லென்ஸ்ல பனி விழுந்துடுச்சு. வெறும் வெள்ளையா இருந்துச்சு.

ஆரின்: கடைசிப் பகுதி எதுவுமேவா?

ப்ராம்: எதுவுமே.

லோர்னா: ஏன் ஆரின் அவ்வளவு பெரிய மூச்சு விடறே?

ஆரின்: முட்டி.

லோர்னா: மூச்சு முட்டியில இருந்தா வருது? நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?

ஆரின்: நீ உள்ளே போய்க் காப்பி போடு.

லோர்னா: காப்பி போட்டாச்சு. மூணு கப் ஆறிப் போய் நிக்குது.

ப்ராம்: நான் கிளம்பறேன். ஆறு மணிக்கு வாங்க. பந்து இங்கேயே இருக்கட்டும், மெஷின் மேல வைக்கிறேன்...

ஆரின்: உக்காரு.

ப்ராம்: இல்லை சார், நேரமாச்சு. நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். நிஜமாவே வேண்டாம். வந்து சாப்பிட்டுட்டுப் போங்க, போதும்.

ஆரின்: உக்காருடா. அந்த வாளியைக் கவுத்துப் போட்டு உக்காரு. ராத்திரி முழுக்க நினைச்சேன், சொல்லவே கூடாதுன்னு. முப்பத்தொன்பது தோல்விக்கு அப்புறம் கிடைச்ச ஒண்ணு. அதைப் பசங்க கையில இருந்து பிடுங்க நான் யாருன்னு. ஆனா நீ இந்தப் பந்தைக் கொண்டு வந்து நீட்டறே. இதைக் கையில வாங்கிக்கிட்டு, மேடையில நின்னு, உங்க அம்மா அப்பால்லாம் கை தட்ட... என்னால முடியாது.

ப்ராம்: சார், ப்ளீஸ்...

ஆரின்: நேத்து கடைசி ரெண்டு நிமிஷம். வால்ட்ரப் காலேஜ் இருபது புள்ளி, நீங்க பதினேழு. பந்து உங்க கையில. நாலு தடவைக்குள்ள பத்துக் கஜம் போகணும், போகலைன்னா பந்து அவங்களுக்கு. அவங்ககிட்டப் போனா கதை முடிஞ்சுது. ரெண்டாவது தடவை லூயிஸ் பந்தைக் கேலப்புக்கு எறிஞ்சான். கேலப் பிடிச்சான். அவனை ரெண்டு பேர் தள்ளி மைதானத்துக்கு வெளியே, நேரா என் மேல.

ப்ராம்: தெரியும்.

ஆரின்: தெரியாது. கேளு. சங்கிலி பத்துக் கஜம். ரெண்டு முனையிலயும் ரெண்டு கம்பு. அது நிக்கறது மைதானத்துக்கு வெளியே, ஓரத்துல. அளக்கணும்னா நடுவுல பந்துகிட்டத் தூக்கிட்டுப் போகணும். போற வழியில அரை அடி முன்னப் பின்ன ஆகாம இருக்கத்தான் கிளிப். அஞ்சு கஜத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு போட்டிருக்கு. அந்தக் கோட்டுக்கு நேரா சங்கிலியில எந்தக் கண்ணி இருக்கோ, அதுல கிளிப்பை மாட்டுவேன். உள்ளே போய் அதே கோட்டு மேல கிளிப்பை வெச்சுப் பிடிப்பேன். சங்கிலி எங்க இருந்துச்சோ அங்கேயே நிக்கும். இதான் என் வேலை. இருபத்தாறு வருஷமா இது ஒண்ணுதான்.

லோர்னா: எனக்கே புரிஞ்சுதுன்னா பார்த்துக்கோயேன்.

ஆரின்: கேலப் மோதினதுல கிளிப் தெறிச்சுப் போச்சு. நான் சேத்துல கிடந்தேன். எழுந்து கிளிப்பைத் தேடி எடுத்தேன். கோட்டைப் பார்த்தா கோட்டைக் காணோம். அவன் சறுக்கின சறுக்குல வெள்ளை மேல சேறு அப்பிக்கிடுச்சு. விரல் விறைச்சுப் போயிருந்துச்சு. உத்தேசமா ஒரு கண்ணியில மாட்டினேன்.

ப்ராம்: சார்...

ஆரின்: அப்போ கையைத் தூக்கியிருக்கணும். தூக்கினா நடுவர் வருவார், சேத்தைத் துடைப்பார், சங்கிலியைச் சரி பார்ப்பார். ஒரு நிமிஷம் ஆகும். சட்டம் அதுதான். நான் தூக்கலை. ஏன் தெரியுமா? நீங்க ஓடிக்கிட்டிருந்தீங்க. நாலு வருஷத்துல முதல் தடவையா எதிராளிங்க மூச்சு வாங்கிப் பின்னாடி நடந்து போறதைப் பார்த்தேன். இப்போ நிறுத்தினா அவங்க இளைப்பாறிடுவாங்க, உங்க வேகம் செத்துடும்னு தோணுச்சு. இருபத்தாறு வருஷத்துல முதல் தடவையா ஒரு பக்கம் சாய்ஞ்சேன்டா.

லோர்னா: இதைத்தான் விடிய விடிய என்கிட்டச் சொன்னார்.

ஆரின்: நாலாவது தடவை லூயிஸ் உன் முதுகுக்குப் பின்னாடி ஒளிஞ்சு முட்டினான். நீ அவனைத் தூக்கிட்டுப் போனே. ஆள் மேல ஆள் குவிஞ்சு கிடந்தீங்க. நடுவர் அளக்கச் சொன்னார். நான் கிளிப்பைப் பிடிச்சுக்கிட்டு உள்ளே நடந்தேன். நடுவுல கோடு சுத்தமா இருந்துச்சு. கிளிப்பை வெச்சேன். வெச்ச நிமிஷமே தெரிஞ்சுது. என் கண்ணுக்கு முன்னாடி சேறு இல்லாத கண்ணி ஒண்ணு. முதல்ல கிளிப் இருந்த இடம் அதுதான், துடைச்ச மாதிரி இருந்துச்சு. இப்போ மாட்டியிருக்கறது முன் கம்புப் பக்கமா ரெண்டு கண்ணி தள்ளி. அப்படின்னா மொத்தச் சங்கிலியும் ரெண்டு கண்ணி பின்னாடி வந்து நிக்குது. நாலு அங்குலம். பந்தோட மூக்கு கம்பைத் தாண்டினது எவ்வளவு?

ப்ராம்: ஒரு விரல்.

ஆரின்: ஒரு விரல். சங்கிலி சரியா நின்னிருந்தா பந்து கம்பை எட்டியே இருக்காது. ஆனா நடுவர் கையை நீட்டிட்டார். உங்களுக்குன்னு. அடுத்த தடவையே லூயிஸ் பந்தோட எல்லைக் கோட்டைத் தாண்டிட்டான். ஊரே மைதானத்துல இறங்கிடுச்சு. உங்க அப்பா, அறுவடை மெஷினை விட்டு இறங்காத மனுஷன், தொப்பியைத் தூக்கிப் போட்டார். நான் சங்கிலியைச் சுருட்டிக்கிட்டு நின்னேன். வாயைத் திறக்கலை. அப்போ வாயைத் திறந்திருந்தா சரி பண்ணியிருக்கலாம். அதுதான் என் தப்பு. கிளிப் விழுந்தது தப்பில்லை. திட்டுடா. ஏதாவது சொல்லு.

ப்ராம்: என்ன சொல்றது சார்...

ஆரின்: சரி. நீ சொல்ல வேண்டாம். நான் சொல்றேன். ஆறு மணிக்கு வரேன். பந்துக்காக இல்லை. எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு இதைச் சொல்லிடறேன். வால்ட்ரப் கோச்சுக்கும் நானே ஃபோன் பண்றேன். பசங்க மேல ஒரு தூசி இல்லைன்னு...

ப்ராம்: வேண்டாம்.

ஆரின்: எனக்குப் புரியுது. அந்த ஒரு வெற்றியை விட மனசு வராது. யாருக்கு வரும்? நாலு வருஷம்...

ப்ராம்: அதுக்காக இல்லை சார்.

லோர்னா: ப்ராம்.

ப்ராம்: மேடம்?

லோர்னா: லென்ஸ்ல பனி விழுந்துச்சுன்னியே. நேத்து மத்தியானம் பனி விழவே இல்லை. வியாழக்கிழமை விழுந்தது தரையில சேறாக் கிடந்துச்சு, அவ்வளவுதான். நான் வெளியில துணி காயப் போட்டிருந்தேன்.

ஆரின்: டேய்.

ப்ராம்: எனக்குப் பொய் சொல்லத் தெரியாது சார். லூயிஸ் வரேன்னான். நான்தான் வேண்டாம்னேன்.

ஆரின்: படத்துல என்ன இருந்துச்சு?

ப்ராம்: எல்லாம் இருந்துச்சு. வெயில்ல எடுத்த மாதிரி, பளிச்சுன்னு. நாங்க தேடலை சார். சத்தியமாத் தேடலை. கேலப்தான் கேட்டான். 'அந்தப் பெரியவர் மேல ரொம்ப பலமா மோதிட்டேன், அடிபட்டுச்சான்னு பார்க்கணும், அந்த இடத்தை மெதுவா ஓட்டுங்க'ன்னான். மெதுவா ஓட்டினோம். நீங்க விழறீங்க. எழுந்திருக்கறீங்க. முட்டியைப் பிடிச்சுக்கறீங்க. எல்லாரும் உங்க முட்டியைத்தான் பார்த்துக்கிட்டிருந்தோம். கிளிப் பறக்கறதை லூயிஸ் பார்த்தான்.

லோர்னா: கடவுளே.

ப்ராம்: அப்புறம் அளந்த இடத்தை ஓட்டினோம். ஓரத்துல ஒவ்வொரு கஜத்துக்கும் சின்னக் கோடு இருக்குல்ல? முன் கம்பு வெளியில நின்னப்போ ஒரு கோட்டு மேல நின்னுச்சு. உள்ளே வந்து நின்னது அதுக்கு நாலு அங்குலம் பின்னாடி. மூணு தடவை ஓட்டிப் பார்த்தோம். கோச் எழுந்து வெளியே போயிட்டார். 'இது உங்க மேட்ச், நீங்களே முடிவு பண்ணுங்க'ன்னுட்டுக் கதவைச் சாத்திட்டார்.

ஆரின்: என்ன முடிவு பண்ணினீங்க?

ப்ராம்: முப்பத்தி நாலு பேர், ஒரு சின்ன ரூம். முதல்ல அந்த ட்ராம்போன் பையன் அழ ஆரம்பிச்சான். அழுதுக்கிட்டே கையைத் தூக்கினான். 'திருப்பிக் குடுத்துடலாம்'னான். அவனைப் பார்த்து இன்னொருத்தன். நான் எண்ணவே இல்லை சார். எண்ணறதுக்கு முன்னாடி எல்லாக் கையும் மேல இருந்துச்சு.

ஆரின்: திருப்பிக் குடுத்துட்டீங்களா?

ப்ராம்: பத்தரை மணிக்கு லூயிஸ் வால்ட்ரப்புக்கு ஃபோன் போட்டான். அவங்க கோச் கேட்டார், 'தம்பி, நீங்க எத்தனை மேட்ச் தோத்திருக்கீங்க?'ன்னு. 'இதையும் சேர்த்து நாப்பது'ன்னான் லூயிஸ்.

லோர்னா: நாப்பது...

ப்ராம்: லீகுக்கும் கடிதம் போயிடுச்சு. எங்க தோல்வின்னு எழுதிக்கச் சொல்லி. சாயந்திரம் விருந்துல ஊருக்குச் சொல்றோம். அதுக்கு முன்னாடி பந்தை உங்க கையில குடுத்துடணும்னு ஓடி வந்தேன். சேதி தெரிஞ்சப்புறம் குடுத்தா வாங்க மாட்டீங்க. இப்போ குடுத்தாலும் வாங்க மாட்டேங்கறீங்க.

ஆரின்: முட்டாப் பசங்களா... இதை ஏன்டா என்கிட்ட மறைச்சே?

ப்ராம்: நீங்க ஏன் எங்ககிட்ட மறைச்சீங்க?

ஆரின்: உங்க சந்தோஷம் கெடக் கூடாதுன்னு.

ப்ராம்: அதேதான் சார்.

லோர்னா: ரெண்டு பேருக்கும் நடுவுல நான் மாட்டிக்கிட்டேன். ஆரின், கைக்குட்டை உன் மேல் பையில இருக்கு. ப்ராம், நீ அந்த எண்ணெய்த் துணியில மூஞ்சியைத் துடைக்காதே. இந்தா, இதை எடுத்துக்கோ.

ஆரின்: இரு இரு. லீக்ல சும்மா ஒத்துக்க மாட்டாங்க. எப்படித் தப்பு நடந்துச்சு, யாரால நடந்துச்சுன்னு காரணம் எழுதணும். எனக்குத் தெரியும், அந்தப் படிவத்தை நானே பார்த்திருக்கேன்.

ப்ராம்: எழுதினோம்.

ஆரின்: நல்லது. என் பேரைப் போட்டீங்கள்ல? ஆரின் வெசெலின்னு முழுசாப் போட்டீங்கள்ல? எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்லை. நான் எழுந்து நின்னு சொன்னா அதோட பொருந்தணும்.

ப்ராம்: பொருந்தாது சார். அதனாலதான் நீங்க வாயைத் திறக்கக் கூடாதுங்கறேன்.

ஆரின்: என்னடா எழுதினீங்க?

ப்ராம்: 'அளக்கறதுக்கு முன்னாடி சென்டர் பந்தை நாலு அங்குலம் முன்னாடி தள்ளி வெச்சுட்டான்'னு. கீழே கையெழுத்து என்னுது.